வாசலில் ஊற்றிய சிவப்பு

அந்தக் காலத்தில் பறவைகளும் மிருகங்களும் மனிதர்களோடு முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தன. அதில் வசதியும் உண்டு, தொல்லையும் உண்டு. சுவரில் ஒரு கிளியை வரைந்தால் மறுநாள் காலையிலேயே கிளிகள் கூட்டமாக வந்து, மூக்கு சரியில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போகும்.

அப்படித் தினமும் குறை கேட்டுக்கொண்டிருந்தவன் பெயர் வெயிலுகந்தான். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கடைசி வீடு அவனுடையது. ஊர்ச் சாவடியின் மண்சுவருக்கு வெண்களிமண் பூசி, அதன்மேல் படம் எழுத ஆரம்பித்திருந்தான். நீலத்துக்கு அவுரி, பச்சைக்கு இலைச்சாறு, மஞ்சளுக்கு ஓடைக்கரையில் கிடைக்கும் மஞ்சள் கல், கறுப்புக்கு விளக்குக் கரி. கண்ணால் பார்த்ததையெல்லாம் சுவருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற வெறி அவனுக்கு. மயில் வந்தது, வாழைத்தோப்பு வந்தது, நெல்வயல் வந்தது. சிவப்பு மட்டும் வரவில்லை.

காவிக்கல்லை உரைத்தால் சிவப்பு கிடைக்காதா என்று ஊரார் கேட்டார்கள். கிடைக்கும். ஆனால் அது பழைய பானையின் சிவப்பு. அவனுக்கு வேண்டியது முருக்கம்பூவின் சிவப்பு, கொவ்வைப்பழத்தின் சிவப்பு, பார்த்தால் கண் கூசுகிற சிவப்பு. பூவை அரைத்துப் பூசினால் சாயங்காலத்துக்குள் பழம்புளி நிறத்துக்கு வந்துவிடும். பழத்தைப் பிழிந்து பூசினால் எறும்புகள் வந்து நக்கிவிட்டுப் போய்விடும். அதனால் கிளியின் மூக்கு, சேவலின் கொண்டை, முருக்க மரத்தின் பூ எல்லாவற்றையும் வெள்ளையாகவே விட்டுவைத்திருந்தான். சேவல் சுவருக்கு முன்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தது. தன் தலையில் கொக்கு எச்சமிட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

அவன் மனைவி ஆவுடை. கெட்டிக்காரி, கொஞ்சம் கோபக்காரி. சிவப்பு தேடி அவன் போகாத இடமில்லை. கரையான் புற்றைக் கிளறினான், மரப்பட்டைகளை உரித்து ஊறவைத்தான், ஆற்றங்கரையில் கல் கல்லாக உடைத்தான். தேடாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது அவன் வீட்டு அடுக்களை. ஒருமுறை ஆவுடை ஆய்ந்து வைத்திருந்த கீரையை முழுவதும் பச்சைக்கு என்று அரைத்துவிட்டான். அன்றைக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. இனிமேல் அடுக்களை வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று அவள் உத்தரவு போட்டுவிட்டாள். அவனும் அதை மீறவில்லை. அந்த ஒரு விஷயத்திலாவது சொன்ன பேச்சைக் கேட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில், மலைமேல் ஏதாவது கிடைக்கும் என்று கிளம்பினான். மலையில் புலி இருக்கிறது, போக வேண்டாம் என்று ஆவுடை தடுத்தாள். புலிக்கும் தனக்கும் என்ன பகை என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

ஏழு நாள் அலைந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் காலை ஒரு சுனையில் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால், எதிர்ப் பாறையில் புலி படுத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். இவனும் ஓடத்தான் நினைத்தான். அதற்குள் புலி கொட்டாவி விட்டது. அதன் நாக்கைப் பார்த்ததும் இவன் நின்றுவிட்டான்.

"கொஞ்சம் வாயை மூடாம இருங்க," என்றான்.

புலியிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அது திகைத்துப் போய் வாயைத் திறந்தபடியே இருந்தது. வெயிலுகந்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு, இந்தச் சிவப்பு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தான்.

"எனக்குக் கிடைக்கிற எடத்துல உனக்குக் கிடைக்காது," என்றது புலி. "வீட்டுக்குப் போ."

எவ்வளவு நல்ல புலி என்று நினைத்துக்கொண்டு அவன் இறங்கி நடந்தான்.

மரத்தின்மேல் ஒரு காக்கை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அது ஆவுடை வீட்டுக் காக்கை. அவள் தினமும் ஒரு பிடி சோறு அதற்கு வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள். ஏன் அவனை விட்டுவிட்டாய் என்று காக்கை கேட்டதற்குப் புலி சிரித்தது.

"யாரு விட்டா? நேத்துத் தின்ன மிளாமான் இன்னும் நெஞ்சு வரைக்கும் நிக்கிது. சாயங்காலம் பசிச்சிரும். அதுவரைக்கும் இவனை எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்? அவன் காலாலயே அவன் நடக்கட்டும். நானும் பின்னாலயே நடந்தா தின்னது செரிக்கும்."

சொன்னபடி புலி எழுந்து அவன் பின்னால் நடந்தது. காக்கை முதலில் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. விரைந்து நடந்தால் உச்சிப்பொழுதுக்கெல்லாம் ஊர் போய்விடலாம், புலிக்குப் பசிக்கும் நேரத்தில் அவன் வீட்டுக்குள் இருப்பான் என்று கணக்குப் போட்டது. அவன் எப்படி நடப்பான் என்பது அதற்குத் தெரியவில்லை. பத்தடிக்கு ஒருமுறை நின்றான். பாசி பிடித்த பாறையைத் தடவினான். பொன்வண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் நிற்கும்போதெல்லாம் புலியும் புதருக்குள் படுத்துக்கொண்டு காத்திருந்தது. இப்படி ஒருவன் எப்படி இத்தனை வருஷம் உயிரோடு இருந்தான் என்று அதற்கே ஆச்சரியம்.

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் ஊரைப் பார்த்த மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து வீடு கூப்பிடு தூரம்தான். ஆனால் மேற்கே வானம் சிவக்க ஆரம்பித்திருந்தது. அவன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் ஆவாரம்புதருக்குள் புலியின் வயிறு இரைந்தது. காக்கைக்கு அந்தச் சத்தம் கேட்டது. அது வீட்டுக்குப் பறந்தது.

ஆவுடை வயலிலிருந்து வந்து, குளிப்பதற்காகத் தாம்பாளத்தில் மஞ்சளை இழைத்துத் தண்ணீர் விட்டு வைத்திருந்தாள். காக்கை வந்து உட்கார்ந்து, அவள் புருஷன் மேட்டில் நிற்பதையும் அவனுக்குப் பின்னால் புலி நிற்பதையும் சொன்னது. கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிடாதே, புலிக்குக் காதும் உண்டு, நம் பேச்சும் புரியும், கேட்டால் அங்கேயே பாய்ந்துவிடும் என்றும் சொன்னது.

பதறி எழுந்தவளின் முழங்கை பட்டு வெற்றிலைப் பெட்டி சரிந்தது. சுண்ணாம்புச் சிமிழ் கவிழ்ந்து சுண்ணாம்பெல்லாம் மஞ்சள் தண்ணீருக்குள் விழுந்தது. எடுக்கக் கையை விட்டவள் கையை உதறினாள். கை முழுக்கச் சிவப்பு. வெட்டிக்கொண்டோம் என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தால் காயமே இல்லை. தாம்பாளத்தைப் பார்த்தாள். தண்ணீர் சிவந்துகொண்டிருந்தது. அவன் வருஷக்கணக்காகப் புலம்பிய அந்தச் சிவப்பு, அவள் குளிக்க வைத்த தண்ணீரில் கிடந்தது.

அவள் யோசித்தது ஒரே நிமிஷம்தான். புலி வருகிறது, ஓடி வாருங்கள் என்று சொல்ல முடியாது. சாப்பிட வாருங்கள் என்றால் அவன் இருட்டிய பிறகுதான் வருவான். எதற்கு ஓடி வருவான் என்பது அவளுக்குத் தெரியும். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, குரலில் நடுக்கம் தெரியாமல் கூப்பிட்டாள்.

"ஏங்க, நீங்க தேடுன சிவப்பு இங்க இருக்கு. மங்குறதுக்குள்ள வாங்க."

வெயிலுகந்தான் மூட்டையைக் கூட எடுக்கவில்லை. ஓடினான். சரியாக அதே நேரத்தில்தான் புலியும் பாய்ந்தது. அவன் நின்ற இடத்தில் மூட்டைதான் இருந்தது. காலையிலிருந்து ஆமையாக ஊர்ந்தவன் இப்படி ஓடுவான் என்று அது நினைக்கவே இல்லை. மூட்டைத் துணியில் மாட்டிக்கொண்ட நகத்தை விடுவித்துக்கொண்டு, பதுங்கிப் பதுங்கி அவன் வீட்டு வேலி வரைக்கும் வந்தது.

வாசலில் ஆவுடை அவனை உள்ளே விடவில்லை. பசித்த புலிக்குக் கதவு மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரியும். "நில்லுங்க. அசையாதீங்க," என்றாள். சுண்ணாம்பு அடியில் தங்கித் தண்ணீர் மேலே தெளிந்திருந்தது. அது கலங்கி நிறம் ஏறுவதற்காகத் தாம்பாளத்தை அவனுக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினாள். சிவப்பு குபுகுபுவென்று எழும்பியது. அவன் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தான். விரலைத் தோய்த்து, காயம் மாதிரித் தெரியட்டும் என்று அவன் நெற்றியில் அப்பினாள். அதையும் அவன் கவனிக்கவில்லை. அடுத்து, தாம்பாளத்தோடு அத்தனையையும் அவன் காலடியில், தெருவில், கொட்டினாள்.

"ஐயோ!" என்று அலறினான் வெயிலுகந்தான்.

தேடித் தேடிக் கிடைத்த நிறம் மண்ணில் போகிறதே என்ற வயிற்றெரிச்சலில் வந்த அலறல் அது. அதற்கு மேல் ஒரு சொல் வருவதற்குள் அவள் அவன் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

வேலிக்குப் பின்னாலிருந்த புலிக்கு அந்த அலறல் கேட்டது. மெல்ல வாசலுக்கு வந்து பார்த்தது. காலடித் தடம் வாசல்வரை வந்திருந்தது. அங்கே சிவப்பாகக் குளம் கட்டி நின்றது. மோந்து பார்த்தது. மஞ்சள் வாசனை. தலையை நிமிர்த்தி, கூரைமேல் இருந்த காக்கையிடம் என்ன நடந்தது என்று கேட்டது.

காக்கை பொய் சொல்லவில்லை. "நான் பார்க்கும்போது அவ கையெல்லாம் செவப்பா இருந்துச்சு," என்றது. "அவன உள்ள இழுத்துட்டுப் போயிட்டா."

"மஞ்ச வாசம் அடிக்குதே?"

"மனுசங்க மஞ்சள் தடவாம கறி சமைச்சு நீ பார்த்திருக்கியா?"

புலி பார்த்ததில்லை. கதவைப் பார்த்தது, தரையைப் பார்த்தது. எட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்த புருஷனை வாசற்படி ஏறவிடாமல் முடித்துவிட்டாளே என்று அதற்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டக்கூட அதற்குத் துணிச்சல் வரவில்லை. வேலி வரைக்கும் பின்னோக்கியே நடந்து போய், அங்கிருந்து ஒரே ஓட்டமாக மலையேறிவிட்டது. அதற்குப் பிறகு அது அந்த ஊர்ப்பக்கம் வரவே இல்லை.

கதவுக்குப் பின்னால் நின்று புலியின் குரலைக் கேட்ட பிறகுதான் வெயிலுகந்தானுக்கு விஷயம் விளங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆவுடை அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே முதுகில் நாலு அடியும் போட்டாள். புலி போய்விட்டது என்று காக்கை வந்து சொன்னதும், இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. அடுப்பை மூட்டி அவள் உலை வைத்தாள். அவன் தண்ணீர் குடிக்கப் பானையைத் திறந்தான், தண்ணீரில் தன் நெற்றியைப் பார்த்தான்.

"ஆவுடை, இதுல என்ன சேர்த்த?"

உயிர் தப்பி வந்தவன் கேட்கிற கேள்வியா இது என்று திட்டத்தான் அவள் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. அடக்க முடியாமல் சிரித்தாள். அவனும் சிரித்தான். அன்றைக்கு அவனை அடுக்களைக்குள் கூப்பிட்டு, மஞ்சளையும் சுண்ணாம்பையும் கையில் கொடுத்தாள். கீரையைத் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சாவடிச் சுவரில் கிளிக்கு மூக்கு வந்தது, சேவலுக்குக் கொண்டை வந்தது, முருக்க மரம் பூத்தது. கிளிகள் வந்து பார்த்து ஒரு குறையும் சொல்லாமல் போயின. நாலைந்து நாளில் அந்தச் சிவப்பு வெளிறிவிட்டது. அவன் அதற்காக வருத்தப்படவில்லை. மறுபடியும் கரைத்துப் பூசினான். வெளிற வெளிறப் பூசினான். சிவப்பு தேடி எங்கும் போகவேண்டிய அவசியம் இல்லாமல் போனதில் ஆவுடைக்கு வந்த நிம்மதி சொல்லி முடியாது.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. அடுத்து வெளியூர் போய்த் திரும்பிய ஒருவனை அவன் வீட்டுப் பெண்கள் வாசலில் நிறுத்தினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தார்கள். பிறகு பக்கத்து ஊரிலும் அப்படிச் செய்தார்கள்.

அன்று முதல்தான் வெகுதூரம் போய் வந்தவரையும், மாலையும் கழுத்துமாக வரும் மணமக்களையும், பிள்ளை பெற்று வருகிற பெண்ணையும் நாம் வாசற்படியிலேயே நிறுத்திவைக்கிறோம். ஆரத்தித் தட்டை மூன்று சுற்றுச் சுற்றுகிறோம், நெற்றியில் ஒரு பொட்டு வைக்கிறோம், மிச்சத்தைத் தெருவில் கொட்டிவிட்டு உள்ளே அழைத்துக்கொள்கிறோம். பின்னால் எது தொடர்ந்து வந்திருந்தாலும், வாசலில் கிடக்கும் அந்தச் சிவப்பைப் பார்த்து, இங்கே தனக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று திரும்பிப் போய்விடுகிறது.