வழுக்குமரத்தில் தன்னம்பிக்கை

கோணமங்கலத்தில் நாலு கூட்டாளிகள் இருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் சொல்வார்கள். இன்றைக்கு அது யார் முறை என்பதில்தான் அவர்களுக்குள் தகராறு.

அவர்களில் வேம்பனுக்குத்தான் இப்போது அவசரம். வீட்டிலிருந்த ஒரே பானையை, ஓட்டை இருக்கிறதா என்று ஆணியடித்துப் பார்த்துவிட்டான். இருந்தது.

"திருவிழா வழுக்குமரத்து உச்சியில வெண்கலப் பானை கட்டுறாங்களாம். அதோட வந்தாத்தான் உனக்குச் சோறு," என்றுவிட்டாள் அவன் பெண்சாதி சிட்டம்மா.

மூன்று வருஷமாக முழங்கால் உயரம் தாண்டாதவன் வேம்பன். வாத்தியாரிடம் ஓடினான்.

"உனக்குத் தன்னம்பிக்கை வேணும்டா. உன்னால முடியும்னு நீயே நம்பணும். அடுத்தவன் சொல்லி வர்றது தன்னம்பிக்கை ஆகாது. அப்புறம், பிடியை மட்டும் விட்டுடாதே."

நால்வரும் கூடி யோசித்தார்கள்.

"அப்போ நாம இவனுக்குத் தைரியம் சொல்லக் கூடாது," என்றான் மாசானம். "சொன்னா அது நம்ம நம்பிக்கை ஆயிடும்."

"சும்மா இருந்தா?" என்றான் குப்பாண்டி.

"மனசுக்குள்ள நம்புறோமோன்னு இவனுக்குச் சந்தேகம் வரும். முடியாதுன்னு சத்தமாச் சொல்லிடுவோம். அதுதான் சுத்தம்."

வேம்பனுக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்ட கூட்டாளிகள் யாருக்கு வாய்க்கும்!

திருவிழாவன்று மூவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். "உன்னால முடியாதுடா! உங்கப்பனாலயே முடியல!"

வேம்பன் ரோஷத்தோடு ஏறினான். பானைக்கு ஒரு சாண் இருக்கையில் இளநீர்க்காரர் கைதட்டினார். "உன்னால முடியும்டா தம்பி!"

"போச்சு! கலந்துடுச்சு," என்று அலறினான் மாசானம். "இறங்கு, முதல்லேர்ந்து நம்பு!"

வேம்பன் மறுபேச்சில்லாமல் வழுக்கி இறங்கினான்.

மறுமுறை இளநீர்க்காரரின் வாயைக் குப்பாண்டி பொத்திக்கொண்டான். வேம்பன் உச்சிக்குப் போய், பானையையும் மரத்தையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தான். அதோடு சரி. பிடியை விட வாத்தியார் சொல்லவில்லையே!

பொழுது சாய்ந்தது, கூட்டம் கலைந்தது. மூவரும் மரத்தையே தோண்டிச் சாய்த்து, வேம்பனோடு சேர்த்துத் தூக்கிப்போய் அவன் வாசலில் கிடத்தினார்கள்.

அரிசியைக் களைந்து வைத்துக் காத்திருந்த சிட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கையை எடுய்யா! இதுகூடவா முடியாது? உன்னால முடியும்யா!"

மூவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"கெடுத்தியே தாயி," என்றான் மாசானம். பெருமூச்சு விட்டுக்கொண்டே மரத்தை மறுபடி தோளில் ஏற்றினார்கள்.

தெருக்கோடி திரும்பும்போது வேம்பன் குரல் கொடுத்தான்.

"சிட்டம்மா, அரிசி ஊறட்டும். பானையைத் திரும்பக் கட்டிட்டு, எடுத்துட்டு வந்துடறேன்!"