சொட்டுக்குக் காவல்

குரு என்றால் நரைத்த தாடி, சீடன் என்றால் அரும்பு மீசை என்று நாமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். நல்லபெருமாள் விஷயத்தில் அது எடுபடவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர், பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டி நஸ்ரின், அவரைவிட ரொம்பவே இளையவர். அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார். இதில் யார் யாருக்குப் பாடம் சொல்கிறார் என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நல்லபெருமாள் அங்கே வந்த காரணம் வேடிக்கையானதல்ல. மனைவி சண்முகவடிவு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ரத்த அழுத்தம் விழாமல் பிடித்துவைக்கும் மருந்து குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், பொழுது விடிகிற நேரத்தில் கண்ணசந்துவிட்டார். விழித்தபோது சொட்டு நின்றிருந்தது. வடிவும் போயிருந்தாள்.

மருந்து நின்றதால் போனாளா, எப்படியும் போகிற உயிர்தானா என்று டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. நல்லபெருமாள் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் படுக்கையில் படுத்துத் தூங்கியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழிப்பார்.

ஆய்வகத்தில் அவர் செய்ய நினைத்த கருவி சின்னது. பிளாஸ்டிக் குழாய்க்குள் திரவம் ஓடும்போது, அது குழாயின் சுவரைத் தொட்டுவிட்டு நகர்கிற இடத்தில் துளி மின்சாரம் பிறக்கும். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அந்த வகை மின்சாரம். குழாயின் வெளியே தாமிரத் தகடு ஒன்றைச் சுற்றிவைத்தால், மருந்தைத் தொடாமலேயே ஒவ்வொரு சொட்டையும் திரையில் துள்ளும் கோடாகப் பார்க்கலாம். ஓட்டம் நின்றால் கோடு படுத்துவிடும், உடனே மணி அடிக்கும்.

மணி அடிக்க மறுத்தது. குழாயை அடைத்த பிறகும் கோடு துள்ளிக்கொண்டே இருந்தது. மாதக்கணக்கில் கம்பியை மாற்றினார், தகட்டை மாற்றினார், கண்டவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார்.

நஸ்ரின் ஒருநாள் வந்து நின்று, கருவியைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார்" என்றார்.

அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்தார். கோடு படுத்தது, மணி அடித்தது. குழாயோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு அவர் காவல் இருந்ததில், அவருடைய பாலியஸ்டர் சட்டையில் ஏறிய மின்சாரத்தைத்தான் கருவி இத்தனை நாளும் சொட்டு என்று எண்ணியிருக்கிறது. சட்டை பருத்திக்கு மாறியது, வெளி மின்சாரம் அண்டாதபடி தகட்டுக்கு ஒரு கம்பிவலைக் கூடும் போட்டார்கள். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் தன்னையறியாமல் அவர் நாற்காலியைக் குழாயருகே இழுத்துவிடுவார். நஸ்ரின் திட்டியதில்லை. மறுபடியும் தள்ளி உட்காரச் சொல்வார்.

கடைசியில் கருவி ஒழுங்குக்கு வந்தது. நஸ்ரின் குழாயை விரலால் நசுக்கிப் பிடிக்க, மணி பிசகாமல் அடித்தது. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் உடைந்து அழுதார். அத்தனை நாள் மனத்தில் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டார்.

"அன்னைக்கு நான் தூங்கினது தப்புதானே மேடம்?"

நஸ்ரின் விரலை எடுத்தார். சொட்டு மறுபடி விழுந்தது, மணி நின்றது.

"நாளைக்கு இதை வார்டுல வச்சுப் பார்க்கணும். வாங்க" என்று மட்டும் சொன்னார்.

கேட்டதற்குப் பதில் வராதது நல்லபெருமாளுக்கு வலித்தது. தப்பு என்றாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தார்.

மறுநாள் மத்தியானம், அனுமதி கொடுத்திருந்த ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்குப் போனார்கள். மயக்கத்தில் கிடந்தவருடைய கையில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் அவர் மனைவி பேச்சித்தாய், தலையை அண்ணாந்து சொட்டையே பார்த்தபடி இருந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

நல்லபெருமாள் தகட்டைச் சுற்றினார். சொட்டு நின்றால் மணி அடிக்கும், நர்ஸ் ஓடி வருவார் என்று அவளுக்கு விளக்கினார். அந்த முகத்தைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

"நீங்க கொஞ்சம் படுங்கம்மா. இது பார்த்துக்கிடும்."

அவள் அசையவில்லை. மிஷின் தவறாமல் அடிக்குமா என்று கேட்டாள். பெரும்பாலும் அடிக்கும், அடிக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு என்று உள்ளதைச் சொன்னார்.

அவள் சொட்டிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"நான் கண்ணசந்த நேரத்துல இவுகளுக்கு ஏதாவது ஆயிட்டுன்னா, அது என் தப்பா சார்?"

நல்லபெருமாள் உதவிக்கு நஸ்ரினைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதீங்க சார்" என்றார் நஸ்ரின். "அவங்க உங்களைத்தான் கேக்காங்க."