கணவாய்க்குக் கதவு போட்டவன்

மரமும் காற்றும் மனிதரோடு வாயாடிய அந்தக் காலத்தில், தென்மலைகள் இரண்டிற்கு நடுவே ஒரு கணவாய் இருந்தது. வைகாசியில் அதன் வழியே இறங்கும் மேல்காற்று, புரட்டாசி முடியும்வரை ஊரார் அனைவருக்கும் நெல் தூற்றிக் கொடுத்தது. இன்னார் களம் என்று அது பார்த்ததில்லை, கைம்மாறும் கேட்டதில்லை.

ஊர்த்தலைவன் சுடலையாண்டிக்கு அது பொறுக்கவில்லை.

"ஓடுகிற நீரைக் கரை போட்டு நிறுத்தித்தானே குளம் கண்டோம்? காற்றையும் நிறுத்துவோம். கணவாயை அடைத்து, என் களத்துக்கு நேரே ஒரு கதவு வைப்போம். நான் திறந்தால் காற்று, மூடினால் இல்லை" என்றான்.

கணவாயின் வாயிலில் நின்ற பனை சிரித்தது. "ஏலே, தேங்கிய நீர் ஒரு துரும்பையாவது தள்ளுமா? மடை திறந்து இறங்கி ஓடும்போதுதானே அதற்கு வேகம்? ஓட்டத்தில்தான் வலிமை இருக்கிறது. காற்றைக் கட்டினால் உனக்குப் புழுக்கம்தான் மிஞ்சும்."

உண்மை சொன்ன வாய்க்குக் கிடைத்த பரிசு கோடரி. பனையை வெட்டி, அதையே கதவுக்கு உத்திரமாக ஏற்றினான். ஊரார் தடுக்காததோடு, கல் சுமந்தும் கொடுத்தார்கள். வெட்கக்கேடு!

புரட்டாசிக் கடைசியில், அடித்த கார்நெல் களங்களில் குவிந்து கிடந்தபோது சுவர் எழுந்து முடிந்தது. காற்று வந்து முட்டியது.

"என் வழியை அடைத்தவன் எவன்?"

சினந்துபோய், அது மலைமுகட்டைத் தாண்டி, எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. சுடலையாண்டி மீசையை நீவிக்கொண்டு கதவைத் திறந்தான். ஒரு பதர்கூடப் பறக்கவில்லை.

கிழக்கே மேகம் கறுத்தது. மழை விழுந்தால் ஊரின் ஓராண்டுச் சோறு களத்திலேயே முளைத்துப் போகும்.

நெல் தூற்றும் உலகம்மை முறமும் கையுமாக அவன்முன் வந்து நின்றாள். "ஐயா, சுவரை எடுத்துவிடுங்கள்."

"பொறு. அந்தப் பக்கம் காற்று நிறையட்டும்."

"நிறைவதற்கு அது என்ன பானையில் ஊற்றிய கூழா?" அதுவரை ஐயா என்றவள் அத்தோடு அந்தச் சொல்லை விட்டாள். "சுடலையாண்டி! யார் வீட்டுக் காற்று என்று கதவு போட்டாய்? பிள்ளைகள் வயிறு காயும் வேளையில் உனக்குக் கதவு ஒரு கேடா?"

முதல் கல்லை அவளே பெயர்த்தாள். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குக் கைகள் இருப்பது நினைவுக்கு வந்தது.

சுவர் சரிந்தது. கீழே விழுந்த பனை முனகியது: "என்னை நிறுத்து, தாயி. காற்றிடம் நான் பேசுகிறேன்."

உலகம்மை அதைக் கணவாயில் நட்டாள். ஓலை போன தலையில், சுற்றிவர மூன்று முறங்களைச் சாய்வாகக் கட்டினாள்.

"காற்றே, வா! வழி திறந்திருக்கிறது" என்று பனை கூவியது.

"மறுபடி மறிக்கமாட்டீர்கள் என்பதற்கு யார் பொறுப்பு?"

"நான் பொறுப்பு. நீ எந்தத் திசையில் வந்தாலும் உனக்கு முகம் கொடுத்து நிற்பேன். என் கைகளுக்கு நடுவே வழி விடுவேன். போகிற போக்கில் கொஞ்சம் தள்ளிவிட்டுப் போ, போதும்."

காற்று இறங்கி வந்தது. சாய்ந்த முறங்களை அது தள்ள, அவை சுழன்றன. களமெங்கும் பதர் பறந்தது. முதல் துளி விழுமுன் நெல் வீடு சேர்ந்தது. ஆனாலும் காற்றின் சினம் முழுவதும் ஆறவில்லை.

"ஊருக்கு உழைப்பேன். ஆனால், கூப்பிட்ட குரலுக்கெல்லாம் வரமாட்டேன். என் பருவத்தில், என் விருப்பத்தில் வருவேன்."

அன்று தொடங்கித்தான் காற்றாலை, ஓலையற்ற பனையாய் ஓங்கி, மூன்று கைகளைச் சாய்த்து, காற்று வரும் திசைக்கு முகம் திருப்பி, வந்ததில் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு மீதிக்கு வழிவிட்டு நிற்கிறது. காற்றை நம்பமுடியாது என்று இன்று குறை கூறுகிறவர்கள், முதலில் நம்பிக்கையைக் கெடுத்தவன் யார் என்று சொல்லட்டும்.