பாரசீகக் கதைகளில் முதலில் 'ஒருவரும் இல்லை' என்பது ஏன்?

அந்தக் காலத்தில், மனிதரும் கழுதையும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய நாளில், பாரசீகத்து ஊர் ஒன்றில் மாஹின் என்றொரு கம்பளக்காரி இருந்தாள். அவள் புருஷன் ரூஸ்பே மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவன். மலையிலிருந்து ஊருக்கு வரும் வாய்க்கால் தண்ணீரை ஆளுநர் தன் மாதுளைத் தோட்டத்துக்கே திருப்பிக்கொண்டார். ரூஸ்பே நேரே போய், "நீ தண்ணீர்த் திருடன்" என்று விரல் நீட்டிச் சொல்லிவிட்டான். விடுவாரா ஆளுநர்? மறுநாள் உச்சிவேளையில் அவன் நாக்கை அறுக்கச் சொல்லி உத்தரவு போட்டார்.

மாஹினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொழுவத்தில் நின்று அழுதாள்.

"நீயும் போய் அவரைத் திட்டினால் உன் நாக்கும் போகும்," என்றது அவள் கழுதை. "பழியை என் தலையில் போடு. எல்லாம் ஒரு கழுதை செய்தது என்று சொல். நான் கேட்காத ஏச்சா?"

அடேயப்பா, அந்தக் கழுதைக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு!

மறுநாள் காலை மாஹின், ரூஸ்பேயைக் கட்டி நிறுத்தியிருந்த சபைக்குப் போய், ஒரு கதை சொல்ல அனுமதி கேட்டாள். "சொல்லித் தொலை" என்றார் ஆளுநர்.

"ஒருவர் இருந்தார்..."

"யார் அது? என்னையா சொல்கிறாய்?" அவர் கை வாளுக்குப் போனது.

மாஹினுக்கு நாக்குக் குழறியது. "ஐயோ, ஒருவரும் இல்லை பிரபு! ஒருவர் இருந்தார், ஒருவரும் இல்லை... அது ஒரு கழுதை!"

சபை கொல்லென்று சிரித்தது. ஆளுநரும் சிரித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அந்தக் கழுதை ஓடைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டதாம். வயிறு நிறைந்த பிறகும் எழுந்திருக்கவில்லையாம். கீழே ஆட்டுக்குட்டிகள் வறண்ட மண்ணை நக்கிக்கொண்டு கிடந்தனவாம். கொஞ்சம் நகரச் சொன்ன தாயாட்டை அது ஓங்கி உதைத்ததாம்.

"என்ன திமிர் அதற்கு!" என்று ஆளுநர் கொதித்தார். "குட்டிகள் எல்லாம் குடித்த பிறகுதான் உனக்குச் சொட்டுத் தண்ணீர் என்று சொல்லவேண்டியதுதானே?"

மாஹின் தலைகுனிந்து நின்றாள். சபையில் ஒருவரும் ஆளுநரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்படியும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தத் தாயாடு... அப்புறம் என்னவாயிற்று?" என்று மெல்லக் கேட்டார்.

"எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் பிரபு. மிச்சக் கதை உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் எழுந்து வந்து, ரூஸ்பேயின் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தார். அன்றைக்கே தண்ணீர் ஊருக்குள் ஓடியது. மாதுளைத் தோட்டம் கடைசியில்தான் நனைந்தது. சும்மா சொல்லக்கூடாது, மகா கெட்டிக்காரி மாஹின்! ஒரு விரல்கூட நீட்டாமல் புருஷனையும் மீட்டாள், ஊரையும் மீட்டாள்.

அன்று முதல்தான் பாரசீகத்தில் கதை சொல்கிறவர்கள் "ஒருவர் இருந்தார், ஒருவரும் இல்லை" என்று ஆரம்பிக்கிறார்கள். கேட்கிறவர்களும், நம்மை யாரும் சொல்லவில்லை என்ற தைரியத்தில் மனசைத் திறந்துவைத்துக் கேட்டு, கதை முடியும்போது அந்த ஒருவர் தாம்தான் என்று தாமே கண்டுகொள்கிறார்கள்.