தயிர்க் கிண்ணத்தின் மூடி

பதினைந்து வருடம் கடற்படையில் இருந்துவிட்டு வந்த தவசிமணி, ஓர் உல்லாசக் கப்பலின் அடித்தளத்தில் எச்சில் சோற்றிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். சொல்லிக்கொடுத்தவர் பிலோமினா, கப்பலின் சுற்றுச்சூழல் அதிகாரி. அவனைவிட ஆறு வயது இளையவர். அதில் அவனுக்கு வருத்தமில்லை. குருவுக்கு வயது எதற்கு என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டான்.

அவன் வயிற்றெரிச்சலெல்லாம் கனகவேல் மீதுதான்.

கனகவேலும் கடற்படைக்காரன். அங்கே எட்டு வருடம் தவசிமணிக்குக் கீழே வேலை பார்த்தவன், அவனைக் கண்டால் விறைத்து நின்று சல்யூட் அடித்தவன். இங்கே இருவரும் ஒரே நாளில் சேர்ந்து ஒரே நீலச் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். இப்போது கம்பெனி புதுக் கப்பல் விடுகிறது. அதற்கு ஒரு சுற்றுச்சூழல் அதிகாரி வேண்டும். பிலோமினா ஒரே ஒரு பெயரை எழுதி அனுப்பவேண்டும், இன்று மாலைக்குள்.

கனகவேல் சிரித்தால் தவசிமணிக்குச் சோறு இறங்காது. "நல்லாப் பண்ணீங்க" என்று பிலோமினா கனகவேலிடம் சொன்ன அன்று, இவன் தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டான். பொறாமைதான். அவனுக்கே தெரியும். தெரிந்துவிட்டால் மட்டும் போய்விடுமா?

காலை பத்து இருபதுக்கு அவன் பிலோமினாவின் அறைக் கதவைத் தட்டினான். மூச்சு வாங்கியது. முகத்தில் கல்யாணக் களை.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒருத்தன் இந்த வேலைக்கு லாயக்கா இல்லையான்னு எதை வச்சு முடிவு பண்ணுவீங்க?"

"யாரைச் சொல்லுதீங்க?"

அவன் செல்போனை மேசைமேல் வைத்தான். படத்தில் சாப்பாட்டுக் கழிவுத் தொட்டி. பழத்தோலுக்கும் ரொட்டிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் மூடி, தயிர்க் கிண்ணத்தினுடையது.

சாப்பாட்டுக் கழிவைக் கரையிலிருந்து பன்னிரண்டு மைல் தாண்டியபின் அரைத்துக் கடலில் விடலாம். பிளாஸ்டிக்கில் நகத்துணுக்கு அளவுகூட விடக்கூடாது. அந்தக் கப்பலில் முதல் நாள் பாடமே அதுதான்.

"கனகவேல் ஷிஃப்டு மேடம். பிரிச்சு முடிச்சாச்சுன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டான்."

"நீங்க எப்பப் பாத்தீங்க?"

"பத்து பத்துக்கு. நாலு படம் எடுத்தேன். இதுதான் நல்லா விழுந்திருக்கு. எட்டு மாடியும் படியிலேயே ஏறி வந்தேன், லிஃப்டுக்குக்கூட நிக்கல."

"தொட்டிகிட்ட வேற யாரு இருந்தா?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

"மூடி ரொம்ப ஆழத்துல கெடந்துச்சோ?"

"ஆழமா? மேலயே கெடந்துச்சு மேடம். கை நீட்டினா எடுத்திரலாம்."

"பத்தேகாலுக்கு அரவைன்னு தெரியும்லா?"

"தெரியும்," என்றான் தவசிமணி. சொன்ன பிறகுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

பிலோமினா அதற்குள் அறைத் தொலைபேசியை எடுத்து, "அரவையை நிறுத்துங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு மெதுவாக வைத்தார்.

"தொட்டி காலியாம்."

"நேவியில அப்படித்தான் மேடம் பழக்கம். கண்ணுல பட்டதை உடனே மேலிடத்துக்குச் சொல்லிரணும். பதினஞ்சு வருசம் அதைத்தான் செஞ்சேன்."

சொல்லும்போதே குரல் இறங்கியது. மூடியை எடுக்கக் கை நீட்டியதும், எடுத்துவிட்டால் கனகவேல் தப்பித்துவிடுவான் என்று தோன்றியதும், நீட்டிய கையை மடக்கிப் பையிலிருந்த செல்போனை எடுத்ததும் அவனுக்கு ஒன்றுவிடாமல் நினைவிருந்தது.

பிலோமினா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. மேசையில் தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டிய கடிதம் கிடந்தது. பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. அவனால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"அப்ப... லெட்டர்ல யாரு பேரு எழுதுவீங்க மேடம்?"

பிலோமினா செல்போனை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"இப்ப அந்த மூடி எங்க இருக்கு, அண்ணாச்சி?"