சிவப்பு வளையம்

கோபம் வந்தால் ஜெபமலருக்குச் செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாது. அப்படியே பேராசிரியர் மெகருன்னிசாவின் அறைக்குள் வந்து நின்றாள்.

"மதிப்பீட்டாளர் என் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிட்டார் மேடம். பெட்டைக் குருவி கூட்டைப் பார்த்து ஆணைத் தேர்ந்தெடுக்கலையாம். நான் ஆண் குருவி காலில் மாட்டின வளையத்தைப் பார்த்துதான் போச்சாம்! அந்த ஆளு ஒரு தூக்கணாங்குருவியையாவது கண்ணால பார்த்திருப்பாரா?"

கோபம் வராமல் என்ன செய்யும்? தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வீட்டோடு பேச்சே அற்றுப்போய் இந்த ஆய்வுக்கு வந்தவள் அவள். தூக்கணாங்குருவியில் ஆண் பாதிக் கூடு கட்டிவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெட்டை வந்து பார்த்துப் பிடித்தால்தான் சம்மதிக்கும். அந்த ஒன்றைச் சொல்லத்தான் ஐந்து வருடம் ஏரிக்கரை வெயிலில் காய்ந்தாள்.

"எந்த ஆணுக்கு என்ன வளையம் போட்டே?" என்று கேட்டார் மெகருன்னிசா.

"நல்லாக் கட்டுற ஆணுக்குச் சிவப்பு. அரைகுறையாக் கட்டுறதுக்குப் பச்சை. தூரத்திலிருந்தே அடையாளம் தெரியணுமே மேடம்."

"நல்லாக் கட்டுதுன்னு யார் சொன்னா?"

"பார்த்தாலே தெரியுதே!"

மறுநாள் காலை இருவரும் ஏரிக்கரைக் கருவேலமரத்தடியில் வலை கட்டினார்கள். இரண்டு ஆண் குருவிகள் சிக்கின. ஒன்று ஜெபமலர் 'ராசா' என்று செல்லமாகக் கூப்பிடும் சிவப்பு வளையக்காரன். இன்னொன்று பச்சை வளையம் போட்ட 'கோணவாயன்'. அதன் கூடு பெயருக்கேற்ற லட்சணத்தில் தொங்கியது.

மெகருன்னிசா இரண்டின் வளையத்தையும் கழற்றி, மாற்றி மாட்டிப் பறக்கவிட்டார்.

வெயில் ஏறும்போது ஒரு பெட்டை வந்தது. ராசா தலைகீழாகத் தொங்கிக் கத்தியும் அது திரும்பவில்லை. நேரே கோணவாயன் கூட்டில் தொற்றி, நாரை இழுத்துப் பார்த்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்து வந்த பெட்டையும் அதே கூட்டுக்குத்தான் சண்டை போட்டது.

"அடிப்பாவி! காத்தடிச்சா அந்து விழுற கூடுடி அது! கண்ணு அவிஞ்சா போச்சு?" ஜெபமலர் எழுந்து நின்று கத்தினாள்.

"அவளை எதுக்குத் திட்டுறே?"

"பின்னே? அவளே பார்த்து அவளே முடிவு பண்றான்னு அவளுக்காகத்தானே மேடம் இவ்வளவும் எழுதினேன்!"

அதுவரை ஏறாத மெகருன்னிசாவின் குரல் இப்போது ஏறியது.

"எங்கே விட்டே அவளைப் பார்க்க? அஞ்சு வருஷமா மாப்பிள்ளை பார்த்தது நீ. அவ வந்து கழுத்தை நீட்டினா, அவ்வளவுதான்."