மூன்றால் வகுத்த கடலை மிட்டாய்

ஒன்றை மூன்றால் வகுத்துப் பார்த்திருக்கிறீர்களா? புள்ளிக்குப் பிறகு மூன்று, மூன்று, மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும். கை வலித்து நாம்தான் நிறுத்த வேண்டும். அது நிற்காது.

செண்பகவல்லிக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவள் ஆற்றங்கரைக் குடிலில் இருந்த நிறைகுளத்தம்மாள். குருவுக்கு வயது குறைவு, சிஷ்யைக்குக் கூடுதல். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள், சிஷ்யை குருவை அம்மா என்பாள். கேட்கிறவர்கள்தான் முழிப்பார்கள்.

கணக்கு பிடிபட்ட அன்று செண்பகவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இது எங்க வீட்டுக் கணக்கும்மா. கடலை மிட்டாயைப் பத்துத் துண்டு போட்டா ஆளுக்கு மூணு, ஒண்ணு மிஞ்சும். அதையும் பத்தா நறுக்குன்னு மூணு பிள்ளைகளும் உயிரை வாங்கும். மறுபடி ஆளுக்கு மூணு, மறுபடி ஒண்ணு மிஞ்சும்.”

ஆடி மாதம் ஊரில் காய்ச்சல் வந்தது. நடுப்பிள்ளை அஞ்சலை போய்விட்டாள்.

ரொம்ப நாள் கழித்துத்தான் செண்பகவல்லி குடிலுக்கு வந்தாள். மூத்தவன் கதிரேசனும் கடைக்குட்டி பிச்சம்மாளும் கூடவே வந்து, உள்ளே வராமல் வாசலில் ஒண்டிக்கொண்டார்கள்.

“ரெண்டால வகுத்தேம்மா. ஆளுக்கு அஞ்சு. மிச்சமே இல்லை.”

குரு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்படித் துடைச்சு வச்ச மாதிரி முடியுதும்மா. அதைத் தாங்க முடியலை. மனசு கேக்காம மூணாவே பங்கு வைக்கிறேன். மிட்டாய்க்கு மட்டுமில்லை, சோத்துக்கும் அப்படித்தான். அவ தட்டு அப்படியே கிடக்கு. அதைப் பார்த்துட்டு இதுக ரெண்டும் சாப்பிடாம எந்திரிச்சுப் போகுதுக. எலும்பாப் போச்சுக. நான் ரெண்டால வகுக்கவா, மூணால வகுக்கவா? நீங்களே சொல்லுங்க.”

“அஞ்சலை இருந்தப்போ கடைசியா மிஞ்சுற துணுக்கை யார் தின்பாங்க?”

“நான்தான். அஞ்சலை என் வாயில திணிப்பா.”

“உங்க பங்கை?”

“நல்லா இருக்கே. பங்கு வைக்கிறவளுக்கு எதுக்கும்மா பங்கு?”

“ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?”

செண்பகவல்லி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

குரு எழுந்து உள்ளே போய், ஒரு கடலை மிட்டாய்ப் பாளமும் பலகையும் கத்தியும் எடுத்து வந்தாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். பத்துத் துண்டு போட்டாள். கதிரேசன் கையில் மூன்று. பிச்சம்மாள் கையில் மூன்று. பிறகு செண்பகவல்லியின் கையை இழுத்துப் பிரித்து அதிலும் மூன்று வைத்தாள்.

“வீட்டில மூணு பேர்தானே இருக்கீங்க, அக்கா. மூணாலயே வகுங்க.”

பலகையில் ஒரு துண்டு கிடந்தது. செண்பகவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

“ஒண்ணு மிஞ்சுதேம்மா.”

“ஆமா.”

“அதையும் நறுக்கினா?”

“அப்பவும் மிஞ்சுவா.”

பிச்சம்மாள் தன் துண்டுகளை மடியில் போட்டுக்கொண்டு, எட்டி அம்மாவின் முழங்கையைத் தொட்டாள்.

“நீ தின்னும்மா. நீ தின்னாத்தான் நாங்க தின்போம்.”